கூட்டாளி விலகல்



கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை படித்துக்கொள்ளலாம். வகுப்பில் செய்த மாதிரி நடுவில் எழுந்து போனாலும் இப்போது நான் கேட்கப் போவதில்லை.

போன வாரம் 2004ஆம் வருட பிளஸ் டூ செட் மாணவன் ஒருவன் போன் செய்தான். நலம் விசாரித்து முடித்ததும் குரல் கொஞ்சம் இறங்கியது.

"சார், பதினோரு வருஷமா ஒரே கம்பெனி. சாஃப்ட்வேர் சேல்ஸ். இப்ப வேற ஒரு நல்ல இடத்துல கூப்பிடுறாங்க. போகலாமா சார்? மனசு ஒப்பமாட்டேங்குது."

பத்து வருடத்துக்கு முன் கேட்டிருந்தால் ஒரே வார்த்தையில் பதில் சொல்லியிருப்பேன். "இருக்கிற இடத்தை விடாதே." இந்த முறை சொல்லவில்லை. "ஒரு வாரம் டயம் கொடுப்பா, எழுதியே போடுறேன்" என்றேன். காரணம், இதே கேள்விக்கு என் வீட்டிலேயே ஒருமுறை தப்பான விடை சொல்லியிருக்கிறேன். வாத்தியார் போட்ட கணக்கு தப்பாகிவிட்டது. அதை மறைக்காமல் எழுதுவதுதான் நியாயம் என்று தோன்றியது. என் பெரியவனிடம் கேட்டு, அவன் "எழுதுங்கப்பா, கம்பெனி பேரு மட்டும் வேண்டாம்" என்று சொன்ன பிறகே எழுதுகிறேன்.

பெரியவன் என்ன வேலை பார்க்கிறான் என்பது நம் சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்கு இன்னும் தெரியாது. "கம்ப்யூட்டர் விக்கிறான்" என்பார்கள். கல்யாண வீடுகளில் "எனக்கு ஒரு லேப்டாப் விலை குறைச்சு வாங்கித் தா" என்று கேட்பார்கள். அவன் விற்றது லேப்டாப் இல்லை. மில், ஆஸ்பத்திரி, காலேஜ், பாக்டரி போன்ற இடங்களில் எல்லாக் கணக்கும் ஏறி உட்கார்ந்திருக்கும் சர்வர், தகவல்களைச் சேமிக்கும் ஸ்டோரேஜ் பெட்டி, அது கெட்டால் திரும்ப எடுப்பதற்கான பேக்கப் மென்பொருள், இவைதான். ஒரு ஆர்டர் முடிய ஆறு மாதம்கூட ஆகும். டெண்டர், விலைப்புள்ளி, பேரம், பர்ச்சேஸ் ஆர்டர், டெலிவரி, அப்புறம் பணம் வசூல். எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு ஆள் அலைந்துகொண்டே இருப்பான். அந்த ஆள்தான் இவன்.

2007இல் இன்ஜினீயரிங் முடித்தான். ஒரு வருடம் சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் வேலை. 2008 செப்டம்பரில் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் வங்கி கவிழ்ந்தது உங்களுக்கு நினைவிருக்கும். இங்கே சாஃப்ட்வேர் கம்பெனிகளில் வேலை எடுத்தவர்களையே சேரச் சொல்லாமல் தள்ளிப்போட்டார்கள். அந்த நேரத்தில், அதே வருடம் டிசம்பர் 8ஆம் தேதி, ஒரு கம்பெனி இவனை விற்பனைப் பிரிவில் எடுத்துக்கொண்டது. வீட்டில் பாயசம் வைத்தோம். "இந்தக் கஷ்ட காலத்துல சோறு போட்ட இடம், மறந்துடாதே" என்று சொல்லித்தான் ரயிலேற்றினேன். அவன் மறக்கவில்லை. அதுதான் பிரச்சினையின் தொடக்கம்.

ராஜபாளையத்தில் உதவிபெறும் பள்ளி ஒன்றில் 1982இல் சேர்ந்து, 2014இல் அதே பள்ளியில் ஓய்வு பெற்றவன் நான். முப்பத்திரண்டு வருடம் ஒரே கேட், ஒரே மணி, ஒரே வேப்பமரம். நான் அங்கே இருந்தது விசுவாசத்தால் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். யோசித்துப் பார்த்தால் எனக்கு விசுவாசம் மட்டும் இல்லை, பென்ஷனும் இருந்தது. 2003 ஏப்ரல் 1க்கு முன் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம். எத்தனை வருடம் இருக்கிறோமோ அவ்வளவுக்கு அந்த இடம் நம்மைத் திரும்பப் பார்த்துக்கொண்டது. அப்படிப்பட்ட ஏற்பாட்டில் உட்கார்ந்துகொண்டு, அப்படி ஒரு ஏற்பாடே இல்லாத பிள்ளைக்கு அறிவுரை சொன்னேன்.

விற்பனை வேலையில் சம்பளம் என்பது நமக்குத் தெரிந்த சம்பளம் இல்லை. நூறு ரூபாய் என்று கடிதத்தில் எழுதியிருந்தால் அறுபதுதான் நிச்சயம். மீதி நாற்பது டார்கெட்டை எட்டினால்தான். இந்த வருடம் ஆறு கோடிக்கு விற்றால் கைதட்டுவார்கள். அடுத்த வருடம் டார்கெட் எட்டு கோடி ஆகும். அதையும் எட்டினால் பத்து. நம் பள்ளியில் முதல் ரேங்க் வாங்கிய பையனுக்கு அடுத்த தேர்வில் மட்டும் நூற்றுக்கு நூற்று முப்பது எடுத்தால்தான் பாஸ் என்று சொன்னால் எப்படி இருக்கும்? அப்படி.

ஆனால் அவன் அந்த வேலையை நேசித்தான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு பொங்கி ஈக்காட்டுத்தாங்கல் மூழ்கியபோது, அங்கே உதிரிபாகம் செய்யும் ஒரு சின்ன பாக்டரியின் சர்வர் தண்ணீருக்குள் போய்விட்டது. அதற்கு ஒரு வருடம் முன்னாலேயே, "பேக்கப்பை இதே கட்டடத்துல வைக்காதீங்க சார், ஒரு காப்பி வேற இடத்துல இருக்கட்டும்" என்று அந்த முதலாளியை நச்சரித்து, ஒரு காப்பியை அவருடைய கோயம்புத்தூர் கிளையில் வைக்கச் செய்திருக்கிறான். வெள்ளம் வடிந்ததும் எங்கிருந்தோ ஒரு சர்வரை இரவலாக வாங்கி, இரண்டு ராத்திரி உட்கார்ந்து அத்தனை கணக்கையும் மீட்டுக் கொடுத்தான். தொழிலாளிகளுக்கு அந்த மாதச் சம்பளம் பத்தாம் தேதிக்குள் போய்விட்டது. இதில் கம்பெனிக்கு ஒரு ரூபாய் விற்பனை கிடையாது. அந்த முதலாளியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்.

2016 அக்டோபரில் ஒருநாள் போன் செய்தான். வேறு ஒரு நிறுவனத்தில் கூப்பிடுகிறார்கள், சம்பளம் நாற்பது சதவீதம் கூட, என்ன செய்யலாம் என்று கேட்டான். நான் யோசிக்கக்கூட இல்லை. 2008ஐ ஞாபகப்படுத்தினேன். "சோறு போட்ட இடம்ப்பா. நாலு காசு கூடக் கொடுக்கிறான்னு ஓடுறவனை எவன் மதிப்பான்? கல்யாணத்துக்கு வேற பார்த்துக்கிட்டு இருக்கோம். வேலை மாறுறவன்னு பேரு வரக் கூடாது" என்றேன்.

"சரிப்பா" என்றான். அவ்வளவுதான். எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. பிள்ளை பேச்சைக் கேட்கிறான் என்று அன்று ராத்திரி அவன் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

அதற்குப் பிறகு ஏழு வருடம். ஒவ்வொன்றாக எழுதினால் பதிவு தாங்காது. இரண்டை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது. 2021 மார்ச் 31. மதுரையில் ஒரு ஆஸ்பத்திரி வராந்தா. மருமகளுக்குப் பிரசவம். கொரோனா காலம், எல்லார் முகத்திலும் மாஸ்க். மார்ச் 31 என்றால் நமக்கெல்லாம் வருடக் கணக்கு முடிக்கும் நாள். விற்பனைக்காரர்களுக்கு அது தலைக்கு மேல் கத்தி தொங்கும் நாள். ராத்திரி பன்னிரண்டு மணிக்குள் ஆர்டர் கையில் வரவில்லை என்றால் அந்த வருடத்துக் கணக்கில் ஏறாது. இவன் பெஞ்சில் லேப்டாப்பை விரித்து உட்கார்ந்திருந்தான். சாயங்காலம் ஆறரை இருக்கும். நர்ஸ் பேத்தியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து, "அப்பா யாருங்க?" என்றார். இவன் காதில் போன். ஒரு விரலைத் தூக்கிக் காட்டி, "ஒரு நிமிஷம்" என்றான்.

என் பேத்தி பிறந்ததும் தன் அப்பனிடம் கேட்ட முதல் சொல் "ஒரு நிமிஷம்."

நான் பக்கத்தில்தான் நின்றேன். அன்று எனக்குக் கோபம் வரவில்லை. "எவ்வளவு கடமை உணர்ச்சி பார்" என்று சம்பந்தியிடம் சொன்னேன். இதை இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

இரண்டாவது. 2022 மார்ச். ஒரு ஆஸ்பத்திரிக்கு ஸ்கேன் படங்களைச் சேமிக்க ஸ்டோரேஜ் வேண்டும். அவர்களுக்குத் தேவைப்பட்டதைப் போல இரண்டு மடங்கு பெரிய பெட்டியை விற்கச் சொல்லி மேலே இருந்து நெருக்கடி. இவன் போய்க் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு மூணு வருஷத்துக்குப் பாதியே போதும். அப்புறம் வேணும்னா சேர்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டான். ஆர்டர் பாதியானது. அந்தக் காலாண்டு டார்கெட்டில் குறைந்தபட்ச அளவைக்கூட எட்டவில்லை. அந்த அளவுக்குக் கீழே போனால் இன்சென்டிவ் குறையாது, முழுதாகவே போய்விடும். பத்து பேர் இருந்த மீட்டிங்கில் "நீ யாருக்கு வேலை பார்க்கிறே, கம்பெனிக்கா, கஸ்டமருக்கா?" என்று கேட்டிருக்கிறார்கள். இது எனக்கு அப்போது தெரியாது. ஒரு வருடம் கழித்துத்தான் சொன்னான்.

சொன்ன நாள் 2023 ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை. பொதிகை எக்ஸ்பிரஸில் காலையில் வந்து இறங்கினான். முன்னறிவிப்பு இல்லை. துவைக்கத் துணி எடுக்கப் பையைத் திறந்த அவன் அம்மா, உள்ளே ஒரு மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டாள். பிரஷர் மாத்திரை. முப்பத்தேழு வயது. எனக்கே ஐம்பத்தைந்தில்தான் ஆரம்பித்தது.

சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னான். வேறு ஒரு நிறுவனத்தில் இருந்து வேலைக்கான கடிதம் வந்திருக்கிறது. தேடிப் போகவில்லை, அவர்களே கூப்பிட்டார்கள். அவன் பெயரைச் சொன்னது யார் தெரியுமா? ஈக்காட்டுத்தாங்கல் முதலாளி. அந்த நிறுவனத்திடம் ஏதோ வாங்கப் போனவர், "உங்ககிட்ட இப்படி ஒரு ஆள் இருந்தா நல்லா இருக்கும்" என்று சொல்லியிருக்கிறார். நேர்முகத் தேர்வில் அந்த அம்மையார், விற்பனைத் தலைவர், "நீங்க ஜெயிச்ச ஆர்டர் எல்லாம் இதுல இருக்கு. நீங்களா வேண்டாம்னு விட்ட ஆர்டர் ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்டாராம். இவன் ஆஸ்பத்திரிக் கதையைச் சொல்லியிருக்கிறான். "அவங்க இப்பவும் உங்ககிட்டதான் வாங்குறாங்களா?" என்று அடுத்த கேள்வி. "ஆமாங்க." ஒரு இடத்தில் திட்டு வாங்கித் தந்தது இன்னொரு இடத்தில் வேலை வாங்கித் தந்தது.

எல்லாம் கேட்டுவிட்டு நான் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? பழக்கம் விடுமா? "இல்லப்பா, பதினாலு வருஷம் ஒரு இடத்துல…" என்று ஆரம்பித்தேன்.

உள்ளே இருந்து அவன் அம்மாவின் குரல். "ஏங்க, உங்களுக்கு மாசம் பொறந்தா பென்ஷன் வருது. அவனுக்கு என்ன வருது? மாத்திரைதான் வருது."

முப்பத்திரண்டு வருடம் கணக்குப்பதிவியல் சொல்லிக்கொடுத்த எனக்கு, எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அவள் ஒரே வரியில் இருப்பாய்வு எடுத்துக் காட்டிவிட்டாள்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. பழைய பாடக் குறிப்புகள் இருக்கும் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். பிளஸ் டூவில் "கூட்டாளி விலகல்" பாடம் ஞாபகம் இருக்கிறதா? கூட்டாளி சேர்ந்தால் தியாக விகிதம், விலகினால் ஆதாய விகிதம் என்று சொல்லிச் சொல்லி, நீங்கள் இரண்டையும் மாற்றிப் போட்டு மார்க்கை இழந்த பாடம். ஒரு கூட்டாளி விலகும்போது முதலில் சொத்துகளையும் பொறுப்புகளையும் மறுமதிப்பீடு செய்வோம். பகிராத லாபத்தில் அவர் பங்கைக் கொடுப்போம். அப்புறம் நற்பெயர். கண்ணுக்குத் தெரியாத சொத்து. இத்தனை வருடம் அவரும் சேர்ந்து உழைத்ததால் நிறுவனத்துக்கு வந்த பெயருக்கு ஒரு விலை போட்டு, அதில் அவர் பங்கை அவர் முதல் கணக்கில் வரவு வைப்போம். உடனே ரொக்கம் கொடுக்க முடியாவிட்டால் அவர் பேரில் கடன் கணக்கு ஒன்று தொடங்குவோம். கடன்பட்டிருக்கிறோம் என்று ஏட்டிலேயே எழுதுவோம்.

அந்த ராத்திரி எனக்கு உறைத்தது இதுதான். நான் என் பிள்ளையைக் கூட்டாளி போல நடந்துகொள்ளச் சொல்லியிருக்கிறேன். கம்பெனியின் ஏட்டிலோ அவன் கூட்டாளி இல்லை. அவன் சம்பாதித்துக் கொடுத்த நற்பெயரில் அவனுக்கு அங்கே பங்கு கிடையாது. கம்பெனி ஏமாற்றியது என்று சொல்லவில்லை. ஒப்பந்தமே அப்படித்தான். வேலைக்குச் சம்பளம், அதோடு கணக்கு நேர். அதை விசுவாசம் என்ற தலைப்பில் நான்தான் தப்பான பேரேட்டில் எழுதி வைத்திருந்தேன். அவனுடைய நற்பெயர் கம்பெனியிடம் இல்லை. அது ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு முதலாளியின் மனதில் இருந்தது. அது அவனோடு கூடவே வரும்.

காலையில் காபி குடித்ததும் கோடு போட்ட தாள் நான்கை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்தோம். "போகலாமா வேண்டாமா" என்ற பேச்சே எடுக்கவில்லை. "போறதுன்னா எப்படிப் போகணும்" என்று கணக்குப் போட்டோம். போன் செய்த மாணவனுக்கு உதவும் என்பதால் அதை அப்படியே கொடுக்கிறேன். இது 2023 நிலவரம். உங்கள் காலத்து விதியை நீங்கள் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. மொத்தத் தொகையைப் பார்த்து மயங்கக் கூடாது. நிச்சயம் எவ்வளவு, டார்கெட்டைப் பொறுத்தது எவ்வளவு என்று பிரிக்க வேண்டும். போன வருடம் அந்தக் குழுவில் எத்தனை பேர் டார்கெட்டை எட்டினார்கள் என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். இவன் கேட்டான். அவர்கள் தயங்காமல் சொன்னார்கள். தயங்கியிருந்தால் அதுவும் ஒரு பதில்தான்.

2. பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி. 1972ஆம் வருடச் சட்டம். ஐந்து வருடம் தொடர்ந்து வேலை பார்த்தவர்களுக்கு உரிமை உண்டு. கடைசி மாத அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, 15ஆல் பெருக்கி 26ஆல் வகுத்தால் ஒரு வருடத்துக்கு உரியது வரும். அடிப்படை 52,000 என்றால் வருடத்துக்கு 30,000. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட உதிரி முழு வருடமாகக் கணக்காகும். புது இடத்தில் "நோட்டீஸ் காலத்துக்கான பணத்தை நாங்களே கட்டிவிடுகிறோம், மே மாதமே வந்துவிடுங்கள்" என்றார்கள். நான் விரல் விட்டு எண்ணினேன். டிசம்பர் 8இல் சேர்ந்தவனுக்கு ஜூன் 8 தாண்டினால் பதினைந்து வருடம், தாண்டாவிட்டால் பதினாலு. "தொண்ணூறு நாளும் இருந்துட்டே போப்பா" என்றேன். 30,000 ரூபாய் மிச்சம். கணக்கு வாத்தியாருக்கு அன்றைக்கு ஒரே சந்தோஷம்.

3. வருங்கால வைப்பு நிதியை, அதாங்க பி.எஃப்., எடுத்துச் செலவழிக்கக் கூடாது. யு.ஏ.என். எண் ஒன்றுதான். புதுக் கணக்குக்கு மாற்றிக்கொண்டால் சேவைக் காலம் அறுபடாது. பத்து வருடம் சேவை இருந்தால் 58 வயதில் அந்தத் திட்டத்தின் ஓய்வூதியம் உண்டு. பெரிய தொகை இல்லைதான். அதற்காக விட்டுவிட முடியாது.

4. மருத்துவக் காப்பீடு. பழைய கம்பெனியின் காப்பீடு கடைசி நாளோடு முடிந்துவிடும். புதியது சேரும் நாளில்தான் தொடங்கும். நடுவில் இரண்டு வாரம் இவன் ஓய்வெடுக்க நினைத்திருந்தான். கைக்குழந்தை இருக்கிற வீடு. முதலிலேயே சொந்தமாக ஒரு குடும்பக் காப்பீடு எடுக்க வைத்தேன். வேலை வரும், போகும். காப்பீடு நம் பெயரில் இருக்க வேண்டும்.

5. "போட்டி நிறுவனத்தில் ஒரு வருடம் சேர மாட்டேன்" என்று பழைய ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. அவன் பயந்ததே இதற்குத்தான். 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவை நம் வணிகவியல் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். ஒருவர் சட்டப்படியான தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. ஆனால் ரகசியம் காக்கும் பொறுப்பு வேறு. கஸ்டமர் பட்டியல், விலை விவரம், ஒரு ஃபைல்கூடக் கொண்டுபோகக் கூடாது. "லேப்டாப்ல உன் பொண்ணு போட்டோ இருந்தா அதை மட்டும் எடுத்துக்கோ" என்றேன்.

6. புது இடத்துக் கையெழுத்து முடிந்த கடிதம் கைக்கு வரும்வரை பழைய இடத்தில் வாய் திறக்கக் கூடாது. வந்த பிறகு, மெயில் அனுப்புவதற்கு முன் மேலாளரை நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும்.

தாளை மடித்தபோது அவனிடம் சொன்னேன். "2016ல நான் சொன்னது தப்புப்பா. என் பயத்தை உன் தலையில கட்டிட்டேன்."

அவன் கொஞ்ச நேரம் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நீங்க சொன்னதுக்காக மட்டும் இல்லப்பா. எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. நீங்க வேண்டாம்னு சொன்னது எனக்கு வசதியாப் போச்சு" என்றான்.

எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னானோ, உண்மையாகவே அப்படித்தானோ, இன்றுவரை நான் கேட்கவில்லை.

ராஜினாமா கொடுத்த மூன்றாம் நாள் பழைய கம்பெனியில் முப்பது சதவீதம் கூட்டித் தருகிறோம், பதவியும் உயர்த்துகிறோம் என்றார்கள். ராத்திரி போன் செய்தான். குரலில் தடுமாற்றம். இந்த முறை நான் அறிவுரை சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "அந்த முப்பது சதவீதம் போன மாசம் எங்கேப்பா இருந்துச்சு?" அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. ரொம்ப நாள் கழித்துக் கேட்ட சிரிப்பு.

தொண்ணூறு நாளும் ஒழுங்காக வேலை பார்த்தான். ஒவ்வொரு கஸ்டமரையும் நேரில் பார்த்து, அடுத்து வரும் பையனை அறிமுகப்படுத்தினான். எந்த ஆஸ்பத்திரிக்கு எந்த மாதம் பராமரிப்பு ஒப்பந்தம் முடிகிறது, எந்த மில்லில் யாரிடம் மரியாதையாகப் பேச வேண்டும் என்பது வரை எழுதிக் கொடுத்தான். "போற இடத்துக்குத் தானே வேலை செய்யணும், இங்க எதுக்கு இவ்வளவு?" என்று சக ஊழியர்கள் கேட்டார்களாம். எனக்கு அவன் மேல் உண்மையான பெருமை வந்தது அப்போதுதான். கம்பெனிக்கு விசுவாசமாக இரு என்று நான் சொல்லிக்கொடுத்தது தப்பு. எடுத்த வேலைக்கும் கூட நின்ற மனிதர்களுக்கும் விசுவாசமாக இருக்க அவன் தானாகவே கற்றிருந்தான்.

ஜூலை நடுவில் கடைசி நாள். ஒரு கேக், நாலு போட்டோ. லேப்டாப்பையும் அடையாள அட்டையையும் கொடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு லிஃப்டில் இறங்கும்போதே போனில் ஆபீஸ் மெயில் நின்றுவிட்டதாம். "பதினாலு வருஷம்ப்பா, லிஃப்ட் கீழே வர்றதுக்குள்ள முடிஞ்சு போச்சு" என்றான். நான் ஓய்வு பெற்ற நாளில் மாலை, பொன்னாடை, நீங்கள் எல்லாரும் வீடு வரை கூடவே நடந்து வந்தது. அவனுக்கு லிஃப்ட். என்ன சொல்வதென்று தெரியாமல், "சாப்பிட்டியாப்பா?" என்று மட்டும் கேட்டேன்.

பணிக்கொடையை முப்பது நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். இரண்டு முறை நினைவூட்டி எழுதிய பிறகு கொஞ்சம் தாமதமாக வந்தது. பைசா குறையவில்லை. பதினைந்து வருடத்துக்கு நாலரை லட்சம். வருடத்துக்குப் பதினைந்து நாள் கூலி. சட்டப்படி நன்றியின் விலை அதுதான். வாங்கிக்கொண்டு, இரண்டு பக்கமும் கணக்கு நேரானது என்று ஏட்டை மூட வேண்டும். மனக்குறையைச் சுமந்துகொண்டு போகக் கூடாது.

புது இடம் சொர்க்கமா? இல்லை. முதல் ஆறு மாதம் ரொம்பவே திணறினான். பெட்டி விற்றவன் இப்போது கிளவுட் சேவையை, மாத வாடகை மாதிரி, விற்க வேண்டும். தன்னைவிடப் பத்து வயது சின்னவர்களிடம் உட்கார்ந்து படித்தான். முதல் காலாண்டில் டார்கெட்டில் பாதிகூட வரவில்லை. "கூப்பிட்டுத் திட்டப் போறாங்கன்னு உட்கார்ந்திருந்தேன்ப்பா. அந்த மேடம் 'புதுசுதானே, எந்த இடத்துல சிக்குது, சொல்லுங்க'ன்னு நோட்டை எடுத்தாங்க" என்றான். நல்ல முதலாளி என்றால் யார் என்று எனக்கு அன்று விளங்கியது. சம்பளம் கூடக் கொடுப்பவர் மட்டும் இல்லை. நாம் சறுக்கும்போது நோட்டை எடுப்பவர். நல்ல வாத்தியாருக்கும் அதே இலக்கணம்தான். நான் எல்லா நாளும் அப்படி இருந்தேனா என்று உங்களில் சிலரை நினைத்து யோசித்தேன்.

2024 மார்ச் 31, ஞாயிற்றுக்கிழமை. பேத்திக்கு மூன்றாவது பிறந்தநாள். இங்கேதான் கொண்டாடினோம். புது இடத்திலும் அது வருடக் கடைசிதான். வெள்ளிக்கிழமையே முடிக்க வேண்டியதை முடித்துவிட்டு வந்திருந்தான். கேக் வெட்டும் நேரத்தில் அவன் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான். சத்தத்தை நிறுத்தி அலமாரிக்குள் வைத்துவிட்டு வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டான். அவன் அம்மா என்னைப் பார்த்தாள். நான் சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன்.

பிரஷர் மாத்திரை இன்னும் சாப்பிடுகிறான். அளவைப் பாதியாகக் குறைத்திருக்கிறார் டாக்டர்.

போன் செய்த மாணவனுக்கு: போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. உன் வீட்டில் யார் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. நீ ஒரு தாளை எடு. இடது பக்கம் அங்கே உனக்கு இன்னும் வர வேண்டியது என்ன, வலது பக்கம் அங்கே நீ இழந்துகொண்டிருப்பது என்ன என்று எழுது. நன்றி என்று எழுதத் தோன்றினால், யாருக்கு என்று ஒரு மனிதர் பெயரைப் போடு. பெயர் எதுவும் வராவிட்டால் அது நன்றி இல்லை, பயம். பயத்துக்குப் பேரேட்டில் இடம் கிடையாது.

பெயர் வந்தால், போவதற்கு முன் அவரை நேரில் பார்த்துச் சொல்லிவிட்டுப் போ.

மற்ற பெற்றோர்களுக்கு, குறிப்பாக என்னைப் போன்ற பென்ஷன்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை வேலையை விடலாமா என்று கேட்டால், பதில் சொல்வதற்கு முன் அவன் பையைத் திறந்து பாருங்கள்.

கணக்கில் ஏதாவது சந்தேகம் இருந்தால் கூப்பிடுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் சும்மாதான் இருக்கிறேன். தியாக விகிதமா ஆதாய விகிதமா என்று குழம்பினாலும் பரவாயில்லை, இப்போது மார்க்கைக் குறைக்க மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் கணக்குப்பதிவியல் வாத்தியார்